பால் கொடுத்துக்கொண்டே உடம்பைக் குறைக்கலாமா? சிசேரியன், 10 வாரக் குழந்தை

திண்டுக்கல்_புது_அம்மா

அக்காக்கள் யாராவது பதில் சொல்லுங்கள், ரொம்பக் குழப்பத்தில் இருக்கிறேன். முதல் பிரசவம், சிசேரியன், பெண் குழந்தை, நேற்றோடு 10 வாரம். திண்டுக்கல்லில் அம்மா வீட்டில் இருக்கிறேன். கர்ப்பத்துக்கு முன்னால் 58 கிலோ, உயரம் 5 அடி 2 அங்குலம். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று 75. வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்தில் 68-க்கு இறங்கியது, சரி, மிச்சமும் தானாகக் குறையும் என்று இருந்துவிட்டேன். நேற்று குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் எடை மெஷினில் ஏறினால் 70 காட்டுகிறது. குறையவில்லை, இரண்டு கிலோ ஏறியிருக்கிறது.

தை மாதம் நாத்தனார் கல்யாணம். பட்டுப்புடவை ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், முழங்கைக்கு மேலே ஏறவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சாப்பாடு எப்படிப் போகிறது என்றால், காலையில் எழுந்ததும் எலுமிச்சை அளவு பிரசவ லேகியம், ராத்திரி படுக்கும்போது இன்னொரு உருண்டை. சோற்றில் வேளைக்கு மூன்று ஸ்பூன் நெய். ஒரு நாளைக்குப் பால் நான்கு டம்ளர், ஒவ்வொரு டம்ளரிலும் மால்ட் பவுடர் இரண்டு ஸ்பூன், சர்க்கரை இரண்டு ஸ்பூன். பூண்டுக் குழம்பு தினமும், பால் சுறாப் புட்டு வாரம் இரண்டு தடவை. தண்ணீர் மட்டும் அரை டம்ளர் வெந்நீருக்கு மேல் தர மாட்டார்கள், நிறையக் குடித்தால் வயிறு தொங்கிவிடுமாம். போதும் என்று சொன்னால் அம்மா "நீ சாப்பிட்டால்தான் பிள்ளைக்குப் பால்" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுகிறார்.

இன்னொரு பக்கம், பாப்பா சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை அழுகிறாள், மாற்றி மாற்றி மார்பு கேட்கிறாள். முதல் மாதம் மாதிரி இப்போது மார்பு கல்லாகக் கட்டுவதில்லை. பம்ப் வைத்து எடுத்தால் 30 மில்லிதான் வருகிறது. அத்தை வந்து பார்த்துவிட்டுப் பால் பற்றவில்லை என்று சொல்லி, பத்து நாளாக ராத்திரி பத்து மணிக்கு 60 மில்லி பவுடர் பால் பாட்டிலில் போகிறது. குழந்தை பிறந்தபோது 2.8 கிலோ, ஆறாவது வாரம் 3.7, நேற்று 4.5.

பால் பற்றவில்லை என்கிற நேரத்தில் நான் சாப்பாட்டைக் குறைத்தால் இருக்கிற பாலும் வற்றிவிடுமா? ஒரு வீடியோவில் காலையில் சீரகத் தண்ணீர், மதியம் கொள்ளு ரசம், ராத்திரி சாப்பாடே கிடையாது, 30 நாளில் 10 கிலோ குறையும் என்கிறார்கள். செய்யலாமா?

கோவை_ரெட்டைச்சடை

அந்த 30 நாள் வேலையை மட்டும் செய்துவிடாதே கண்ணு. நான் செய்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

மூத்தவனுக்கு மூன்று மாதம் இருக்கும்போது கிட்டத்தட்ட இதேதான். கொள்ளு ரசம், இரண்டு இட்லி, ராத்திரி ஒரு கொய்யாப்பழம். முதல் மாதம் ஆறு கிலோ குறைந்தது உண்மைதான். ஒரு நாள் காலையில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கும்போது நாலாவது படியில் கண் இருட்டிவிட்டது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன், பிள்ளையை விடவில்லை, கடவுள் புண்ணியம். அன்றைக்கே நிறுத்தினேன். மூன்று மாதத்தில் அந்த ஆறு கிலோவும் திரும்ப வந்தது, கூடவே தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கொள்ளு நல்ல பயறுதான், சுண்டலாகவும் துவையலாகவும் சாப்பிடு. அதை மட்டுமே சாப்பாடு என்று வைத்துக்கொள்ளாதே.

சின்னவள் பிறந்தபோது வேறு மாதிரி செய்தேன். 12 கிலோ குறைய 11 மாதம் ஆனது, திரும்ப ஏறவில்லை, அவள் ஒன்றே முக்கால் வயது வரைக்கும் பால் குடித்தாள்.

உன் கணக்கைப் பார்ப்போம். பால் கொடுக்கிற தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட 600 கலோரி கூடுதலாகத் தேவை, அடுத்த ஆறு மாதம் 520. இது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் நாட்டுப் பெண்களுக்குச் சொல்லியிருக்கிற அளவு. இப்போது நீ குடிக்கிற பாலை எடுத்துக்கொள். கொழுப்பு எடுக்காத பால் 200 மில்லியில் சுமார் 170, சர்க்கரை இரண்டு ஸ்பூன் 40, மால்ட் பவுடர் ஒரு 70. ஒரு டம்ளரிலேயே 280. நான்கு டம்ளருக்கு 1,100 தாண்டிவிடுகிறது. உனக்குத் தேவையான கூடுதல் அளவைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பால் டம்ளரிலேயே வந்துவிட்டது, நெய்யையும் லேகியத்தையும் நான் இன்னும் தொடவே இல்லை. நெய் ஒரு மேசைக்கரண்டிக்குச் சுமார் 120.

அதனால் நீ சோற்றையோ மீனையோ குறைக்க வேண்டாம். மால்ட் பவுடரையும் சர்க்கரையையும் விட்டுவிட்டு வெறும் பால் இரண்டு டம்ளர் குடி, நெய்யை வேளைக்கு ஒரு சின்ன ஸ்பூனாக்கு. இது ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. நான் சாப்பிட்டது இப்படித்தான்: காலையில் மூன்று இட்லி, பாசிப்பருப்பு சாம்பார், ஒரு அவித்த முட்டை. பதினோரு மணி வாக்கில் ஒரு கிண்ணம் சுண்டல், இல்லையென்றால் மோர் விட்ட ராகிக் கூழ். மதியம் சோறு வழக்கத்தைவிட ஒரு கரண்டி குறைவு, கீரைக் கூட்டு ஒரு கரண்டி அதிகம், மீனோ பருப்போ கட்டாயம். சாயங்காலம் கைப்பிடி வேர்க்கடலை. ராத்திரி தோசை, காய். நடு ராத்திரி பால் கொடுக்கும்போது பசித்தால் வாழைப்பழம். அந்த நேரத்துப் பசி நிஜப் பசி, பிஸ்கட் பாக்கெட்டைக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே, அது எப்படித் தீர்கிறது என்றே தெரியாது.

வார்டு_அக்கா

தங்கச்சி, நான் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் 14 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். உன் பதிவில் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் ஒன்று இருக்கிறது. குழந்தையின் எடையை நீயே எழுதியிருக்கிறாய், அதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தாயா? ஆறாவது வாரம் 3.7, பத்தாவது வாரம் 4.5. 28 நாளில் 800 கிராம், நாளைக்கு 28 கிராம். முதல் மூன்று மாதம் குழந்தை நாளைக்கு 25-லிருந்து 30 கிராம் ஏறினால் போதும். உன் மகள் நன்றாக ஏறுகிறாள். பாட்டில் பாலால் ஏறியது என்று யாராவது சொன்னால், 4.5 கிலோ குழந்தை ஒரு நாளைக்கு 650 மில்லிக்கு மேல் குடிக்கும், அதில் அந்த 60 மில்லி பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதுவும் கடைசிப் பத்து நாள்தான். மற்றதெல்லாம் உன் பால்.

பால் பற்றவில்லை என்பதற்கு நீ சொல்கிற மூன்று அடையாளமும் அடையாளமே இல்லை. மார்பு கட்டவில்லை என்கிறாய். முதல் மாதம் உடம்புக்கு எவ்வளவு தேவை என்று தெரியாமல் அதிகமாகச் சுரக்கும், ஆறு வாரம் வாக்கில் கணக்குப் புரிந்துவிடும், குழந்தை வாய் வைத்ததும் அப்போதைக்கு ஊறும், அதனால்தான் தளர்வாக இருக்கிறது. பம்பில் 30 மில்லி என்கிறாய். குழந்தையின் வாய் இழுக்கிற மாதிரி எந்த பம்பும் இழுக்காது, அதை வைத்து அளக்கவே கூடாது. சாயங்காலம் அழுகிறாள் என்கிறாய். ஆறு வாரம் வாக்கில் இந்த அழுகை உச்சத்தில் இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். அந்த நேரத்தில் விட்டு விட்டுக் குடித்துவிட்டு ராத்திரி கொஞ்சம் நீளமாகத் தூங்குகிற குழந்தைகளும் உண்டு. பார்க்க வேண்டியது வேறு. 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போகிறாளா, குடிக்கும்போது முழுங்குகிற சத்தம் கேட்கிறதா, குடித்து முடித்ததும் கை விரல்கள் தளர்ந்து விரிகிறதா, எடை ஏறுகிறதா. இதெல்லாம் இருந்தால் பால் இருக்கிறது.

இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்களே, பாலும் அப்படித்தான். மார்பு காலியாகக் காலியாகத்தான் மூளை அடுத்த பாலுக்கு உத்தரவு கொடுக்கும், அதுவும் ராத்திரியில் பாலைச் சுரக்க வைக்கிற புரோலாக்டின் அதிகம். அந்தப் பத்து மணிப் பாட்டில் கொடுக்கும்போது நீ ஒரு வேளை இறைக்காமல் விடுகிறாய். இன்றைக்கு 60, அடுத்த மாதம் 90, அதற்கடுத்து இரண்டு வேளை. என் வார்டுக்குத் திரும்பி வருகிற பெண்களில் பால் நிஜமாகவே குறைந்து போனவர்கள் பலருக்கு ஆரம்பம் இந்த மாதிரி ஒரு வேளைப் பாட்டில்தான். அந்தப் பவுடர் டப்பாவின் மேலேயே தாய்ப்பால்தான் குழந்தைக்குச் சிறந்தது என்று அச்சடித்திருக்கும், 1992-இல் வந்த சட்டம் அது, பவுடர் பாலுக்கு விளம்பரமும் செய்யக் கூடாது. அத்தைக்கு அந்த வரியைக் காட்டு.

எடைக்கு வருகிறேன். பால் அளவு தாய் எத்தனை கரண்டி சாப்பிடுகிறாள் என்பதைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. கர்ப்பத்தில் இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பே பாலுக்காக உடம்பு போட்டுவைத்த சேமிப்புதான், அதிலிருந்து எடுத்துச் செலவு செய்யும். 2000-இல் அமெரிக்காவில் அதிக எடையுள்ள, பால் கொடுக்கிற 40 தாய்மாரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. குழந்தைக்கு நான்கு வாரம் ஆனதிலிருந்து பத்து வாரம், ஒரு பகுதியினருக்கு நாளைக்கு 500 கலோரி குறைத்து, வாரம் நான்கு நாள் உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். தாய்மார் வாரத்துக்குச் சுமார் அரைக் கிலோ குறைந்தார்கள், அவர்களின் குழந்தைகள் மற்ற குழந்தைகள் மாதிரியே வளர்ந்தன. அதனால் வாரம் அரைக் கிலோ வரை பயமில்லை. ஆனால் நாளைக்கு 1,800 கலோரிக்குக் கீழே போகாதே. ராத்திரிப் பட்டினி வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான், உன் உடம்பிலிருந்து தினமும் முக்கால் லிட்டர் வெளியே போகிறது. தாகம் எடுக்கிற போதெல்லாம் குடி, பால் கொடுக்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். தண்ணீர் குடித்து யாருக்கும் வயிறு தொங்கியதில்லை. அரை டம்ளரோடு இருந்தால் மலச்சிக்கல் வரும், தையல் போட்ட வயிற்றை வைத்துக்கொண்டு முக்குவது எவ்வளவு வேதனை என்று உனக்கே தெரிந்திருக்கும்.

சத்து மாத்திரை போடுகிறாயா? இரும்புச்சத்தும் கால்சியமும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை உண்டு. இரண்டையும் சேர்த்துப் போடாதே, இரும்புச்சத்தைப் பாலோடு விழுங்காதே, சேராது. அப்புறம் ஒன்று, ஆறு மாதம் வரை முழுக்கத் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிலக்கும் வராமல் இருந்தால் அடுத்த கர்ப்பம் தங்குவது அபூர்வம். பாட்டில் சேர்ந்துவிட்டால் அதை நம்ப முடியாது. தையல் ஆறுவதற்குள் மறுபடி உண்டாகிவிட்டு வந்து நிற்கிற பெண்களைப் பார்க்கிறேன், அதனால்தான் கேட்காமலேயே சொல்கிறேன்.

பெரியகுளத்துப்_பாட்டி

தாயி, உன் அம்மா மேல் கோபப்படாதே. நானும் என் மகளுக்கு இதையெல்லாம்தான் செய்தேன். எங்கள் காலத்தில் பிள்ளை பெற்றவள் மூன்றாவது வாரமே களை எடுக்கப் போவாள், தண்ணீர் சுமப்பாள், உரலில் மாவாட்டுவாள். கர்ப்பத்திலும் வயிறாரச் சாப்பிட்டிருக்க மாட்டாள். அந்த உடம்புக்கு லேகியமும் நெய்யும் தேவைப்பட்டது. அந்த நாற்பது நாள்தான் அவளுக்கென்று யாராவது எடுத்துப் போடுகிற சாப்பாடு. இப்போது உங்களுக்கு ஒன்பது மாதமும் நல்ல சாப்பாடு, வேலை உட்கார்ந்து செய்வது. அளவு மட்டும் பழையபடியே இருந்தால் எங்கே போகும்?

லேகியம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் வயிற்றுக்கு இதம். ஆனால் அதைக் கிண்டுவது கருப்பட்டியிலும் நல்லெண்ணெயிலும். என் மாமியார் கொடுத்தது சுண்டைக்காய் அளவு, அதுவும் காலையில் மட்டும், நாற்பது நாளோடு சரி. எலுமிச்சை அளவு, இரண்டு வேளை, எழுபது நாள் என்பது மருந்தில்லை, மிட்டாய்.

பூண்டை நிறுத்தாதே. முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள் பாசிப்பருப்போடு. பால் சுறாவைப் பற்றி என் பேத்தி எனக்குச் சொன்னாள், சுறா வகையில் பாதரசம் சேருமாம், அமெரிக்காவில் பால் கொடுக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய மீன்களில் அதையும் வைத்திருக்கிறார்களாம். குட்டிச் சுறாவில் குறைவாக இருக்கலாம், இருந்தாலும் எதற்கு? நெத்திலியும் மத்தியும் விலையும் குறைவு, சத்தும் உண்டு. நெத்திலியை முள்ளோடு மென்று சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

தண்ணீர் தராமல் இருந்தது எங்கள் தப்பு. எனக்கும் தரவில்லை, நானும் என் மகளுக்குத் தரவில்லை. மூத்தவன் பிறந்து பன்னிரண்டாம் நாள் ராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படிக்குப் போய் மண்பானையில் சொம்பை முக்கி நின்றபடியே குடித்தேன். அந்தத் தண்ணீரின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. என் மகளுக்கு அதையே செய்தேனே என்று இப்போது நினைத்தால் மனசு வலிக்கிறது. உன் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு.

வயிற்றில் பழைய சேலை சுற்றுகிறார்களா? எனக்கு மூன்று பிள்ளைக்கும் இறுக்கிச் சுற்றினார்கள். வயிறு குறையவில்லை தாயி.

திண்டுக்கல்_புது_அம்மா

பாட்டி, அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

வார்டு அக்கா, நாளைக்கு 28 கிராம் என்று நீங்கள் கணக்குப் போட்டதை நான்கு தடவை படித்தேன். பாட்டிலை எப்படி நிறுத்துவது? ஒரேயடியாக நிறுத்தலாமா? காம்பு ஒரு பக்கம் வலிக்கிறது, அதையும் சொல்லுங்கள். வயிற்றில் சேலை சுற்றுகிறார்கள், ஆமாம்.

வார்டு_அக்கா

ஒரு வேளை 60 மில்லிதான், இவ்வளவு நன்றாக எடை ஏறுகிற குழந்தைக்குச் சுலபம். இன்றைக்கு 45 கொடு, இரண்டு நாள் கழித்து 30, அப்புறம் 15, அப்புறம் கிடையாது. அந்தப் பத்து மணிக்கு முதலில் இரண்டு மார்பிலும் குடிக்க வை, கடைசியில்தான் இது, அதுவும் பாட்டிலில் வேண்டாம், பாலாடையில் (பால் புகட்டும் சங்கு) கொடு. ரப்பர் காம்பில் பால் தானாகக் கொட்டும், அதற்குப் பழகினால் உன்னிடம் வந்து இழுக்கச் சோம்பல்படுவாள். நிறுத்தி ஒரு வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்துவிடு.

வலி என்றால் வாய் வைப்பது சரியில்லை. காம்பை மட்டும் கவ்வக் கூடாது, அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். அவள் மேலுதட்டில் காம்பைத் தடவு, கொட்டாவி மாதிரி வாயைப் பெரிதாகத் திறப்பாள், அந்த நொடியில் அவளை உன் பக்கம் இழுத்துக்கொள், நீ குனிந்து போகாதே. தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடங்கி இருந்தால் சரி. வலித்தால் சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டு எடுத்துவிட்டு மறுபடி வை, வலியோடு தொடராதே. முடிந்ததும் உன் பாலையே இரண்டு சொட்டு காம்பில் தடவிக் காற்றில் உலரவிடு. மார்பில் ஓர் இடம் மட்டும் சிவந்து, சூடாகி, காய்ச்சல் குளிர் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ, ஆனால் பால் கொடுப்பதை நிறுத்தாதே, நிறுத்தினால் இன்னும் கட்டும்.

இயன்முறை_தோழி

நான் பிசியோதெரபிஸ்ட், பிரசவமான பெண்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். சேலை பற்றிப் பாட்டி சொன்னது முழுக்கச் சரி. துணி கட்டினால் கொழுப்பு கரையாது. தையல் இடத்துக்குத் தாங்கலாக லேசாக ஒரு பெல்ட் போடுவதில் தப்பில்லை. இறுக்கிக் கட்டினால் வயிற்றுக்குள் இருக்கிற அழுத்தமெல்லாம் கீழே இடுப்புத் தளத் தசை மேல் இறங்கும், இருமினால் தும்மினால் சிறுநீர் கசியும்.

உங்கள் வயிறு முன்னால் தள்ளி இருப்பது எல்லாமே கொழுப்பு என்று நினைக்க வேண்டாம். கர்ப்பத்தில் வயிற்றின் நடுவில் இரண்டு பக்கத் தசைகளும் விலகிவிடும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டு, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலே விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளமாக இறங்கினால் தசை இன்னும் சேரவில்லை. அப்படி இருக்கும்போது வீடியோவைப் பார்த்து எழுந்து எழுந்து உட்காரும் பயிற்சி செய்தால் விலகல் கூடத்தான் செய்யும்.

முதலில் மூச்சு. மல்லாந்து படுத்தே, மூச்சை விடும்போது தொப்புளை முதுகுப் பக்கம் மெதுவாக உள்ளே இழுங்கள். அதே நேரத்தில் சிறுநீரை அடக்குவது போல அடித்தசையை இறுக்கி ஐந்து எண்ணி விடுங்கள். பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. பால் கொடுத்து முடித்த பிறகு செய்தால் மறக்காது. 10 வாரம் ஆகிவிட்டது, தையல் நன்றாக ஆறியிருந்தால் நடை ஆரம்பிக்கலாம், முதல் வாரம் 15 நிமிடம், பிறகு கூட்டிக்கொண்டே போய் 40. பால் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள், மார்பு கனக்காமல் நடக்கலாம். நடந்துவிட்டு வந்தால் பால் புளிக்கும் என்று யாராவது சொல்வார்கள், அது உண்மை இல்லை. குதிப்பது, ஓடுவது, கனமான பாத்திரம் தூக்குவது எல்லாம் மூன்று மாதம் தாண்டி டாக்டரைக் கேட்டுக்கொண்டு.

நெல்லைச்சீமை

ஒன்று விட்டுப்போய்விட்டது. மேலே எல்லோரும் சொன்னதையெல்லாம் சரியாகச் செய்தும் எனக்கு ஐந்து மாதம் எடை அசையவில்லை. எந்நேரமும் அசதி, மே மாதத்தில் எனக்கு மட்டும் குளிரும், அழுகை அழுகையாக வரும். போய்க் காட்டிய இடத்தில் "பிள்ளை பெற்றால் அப்படித்தான், நெய்யைக் குறை" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான் ரத்தப் பரிசோதனை எழுதினார், தைராய்டு. பிரசவமான முதல் வருடத்தில் சிலருக்கு இது வருமாம், முதலில் கூடி அப்புறம் குறையும் என்றார். மாத்திரை போட்டுக்கொண்டே பால் கொடுத்தேன், அதனால் குழந்தைக்கு ஒன்றும் இல்லை. மூன்று நான்கு மாதம் முயன்றும் எடை நகரவில்லை என்றால் உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாமல் டிஎஸ்எச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால் அதற்கும் மறுபடி பரிசோதனை உண்டு, 6 முதல் 12 வாரத்துக்குள்.

அப்புறம், அழுகை ஜாக்கெட்டோடு நின்றுவிட்டதா? தினமும் வருகிறது, குழந்தையைப் பார்த்தாலே ஒட்டவில்லை என்று இருந்தால் அதையும் வெளியே சொல்லுங்கள். 14416 அரசாங்கத்தின் மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. எனக்கு அது தேவைப்பட்டது.

திருப்பூர்_அப்பா

பெண்கள் பேசுகிற இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். உங்கள் வீட்டுக்காரரிடமும் கொஞ்சம் வேலையைக் கொடுங்கள். ராத்திரி பால் மட்டும்தான் நீங்கள் கொடுக்க முடியும், ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டுத் தூங்க வைப்பது எல்லாம் யாரும் செய்யலாம். என் மனைவிக்கு ராத்திரி தொடர்ந்து நாலு மணி நேரம் தூக்கம் கிடைத்த பிறகுதான் பகலில் இனிப்பைத் தேடுவது நின்றது. நானே பார்த்தது.

திண்டுக்கல்_புது_அம்மா

நான்கு வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். பாப்பா தூங்கும்போதுதான் எழுத முடிகிறது.

நேற்று 14-வது வாரத் தடுப்பூசி. அவள் 5.2 கிலோ. பாட்டிலை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது, வார்டு அக்கா சொன்ன மாதிரி 15 வரை இறங்கியபோதே அவளாகவே பாலாடையைத் தட்டிவிட்டாள். நான்காவது நாள் சாயங்காலம் ரொம்ப அழுதாள், அத்தை போனில் திரும்பத் திரும்ப அதே பாட்டு, நானும் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டேன். அம்மா என் கையிலிருந்து வாங்கி அலமாரி மேலே வைத்துவிட்டு, "கொடுத்துக்கொண்டே இரு, இறைக்கிற கிணறு" என்றார். இந்தப் பதிவில் படித்ததைத்தான் என்னிடமே சொல்கிறார் என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. காம்பு வலி இரண்டு நாளில் போய்விட்டது, நான்தான் இத்தனை நாளும் குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் 68.4. மால்ட் பவுடரும் சர்க்கரையும் போனதற்கு முதல் வாரம் தலை வலித்தது, அப்புறம் பழகிவிட்டது. லேகியம் நிறுத்தியாயிற்று. சாயங்காலம் என் வீட்டுக்காரர் வரும் நாட்களில் பாப்பாவை அவரிடம் கொடுத்துவிட்டுத் தெருக்கோடி வரை போய் வருகிறேன், இப்போது 30 நிமிடம். வயிற்றில் விரல் வைத்துப் பார்த்தேன், மூன்று விரல் இறங்கியது, அதனால் மூச்சுப் பயிற்சி மட்டும்தான். தைராய்டும் சர்க்கரையும் பார்த்தேன், இரண்டும் சரியாக இருக்கிறது.

நெல்லை அக்கா, அழுகை ஜாக்கெட்டோடு நிற்கவில்லை, கொஞ்ச நாள் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். இப்போது குறைந்திருக்கிறது, திரும்ப வந்தால் அந்த எண்ணுக்குப் பேசுவேன்.

கல்யாணத்துக்குள் 58 ஆகாது என்று தெரிந்துவிட்டது. பழைய ஜாக்கெட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அதே அரக்கு நிறத்தில் துணி எடுத்துப் புதிதாகத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். மண்டபத்தில் எங்காவது ஓர் ஓரத்தில் உட்கார்ந்து பால் கொடுக்க வசதியாக முன்பக்கம் பெரிய கொக்கி, தேவைப்பட்டால் பின்னால் பிரித்துத் தளர்த்திக்கொள்ள இரண்டு பக்கமும் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லியிருக்கிறேன்.